தன்வயமாதலை ஆராயச் செட்டிநாட்டுக்கு வருகிறவர்களுக்கு

'பண்பாட்டுத் தன்வயமாதல்', அதாவது வெளியிலிருந்து வந்தது உள்ளூர்ப் பண்பாட்டின் சொந்தமாகிவிடுவது, என்று ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்துகொண்டு காரைக்குடியில் வந்து இறங்கும் மாணவர்கள் பலர் முதல் நாளே கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பெரிய வீடுகளைப் பார்க்கிறார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். அப்போது கையில் இருப்பது ஒரு சரக்குப் பட்டியல். அதை வைத்து ஓர் அத்தியாயம்கூட எழுத முடியாது. வெளியிலிருந்து வந்த ஒன்று இங்கே வந்தபின் எப்படி மாறியது, அது வந்ததால் இங்கிருந்தவர்களின் பழக்கம் எப்படி மாறியது என்று இரண்டையும் ஒருசேரக் கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. அப்படித் தொடங்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமூகவியல், வரலாறு, கல்வியியல், அறிவியல் வரலாறு என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் சரி.

முதல் வேலை: ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது

'செட்டிநாட்டுப் பண்பாட்டில் அயல்நாட்டுத் தாக்கம்' என்பது மூன்று ஆண்டில் முடிகிற தலைப்பில்லை. ஒரே ஒரு பொருள், அல்லது ஒரே ஒரு வழக்கம் போதும்.

கவுனி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் இந்தக் கறுப்புப் பிசின் அரிசியை ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு, உப்புச் சேர்த்து இடித்த எள்ளைத் தூவிக் காலையில் சாப்பிடுகிறார்கள். தெருவோரக் கடையிலேயே கிடைக்கும். இங்கே அதே அரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிண்டி, கல்யாணப் பந்தியில் இனிப்பாக வைக்கிறோம். தேங்காய் இரண்டு பக்கமும் நிற்கிறது. எள்ளும் உப்பும் போய்விட்டன, சர்க்கரையும் நெய்யும் வந்துவிட்டன. தெருச் சாப்பாடு விசேஷப் பந்திக்கு ஏறிவிட்டது. இனிக் கேள்விகளை அடுக்குங்கள். செட்டிநாட்டு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வட்டித் தொழிலுக்காகப் பர்மா, மலாயா என்று அக்கரைக்குப் போய் வந்தவர்கள். தொடக்க காலத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் அக்கரைக்குப் போகவில்லையே, பிறகு இந்தச் சமையல் யார் கைவழியாக வீட்டுக்குள் வந்தது? திரும்பி வந்த ஆண்கள் சொல்லிக் கொடுத்தார்களா, கூடப் போய் வந்த சமையற்காரர்களா? 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்து போக்குவரத்து அறுந்தபோது விசேஷங்களில் கவுனிக்குப் பதிலாக எதை வைத்தார்கள்? நகரத்தார் அல்லாத வீடுகளுக்கு இது போனதா, போனால் எப்போது? இந்த நாலு கேள்விக்கு ஒழுங்காக விடை தேடினால் ஒரு முனைவர் பட்ட ஆய்வு எழுந்துவிடும்.

கவுனிதான் என்று இல்லை. அரக்குப் பூசிய பர்மா மரவைப் பாத்திரங்கள், ரங்கூன் புட்டு, ஆத்தங்குடித் தரைக்கல், வட்டிக்கடைகளில் சிறுவர்கள் தொழில் பழகிய முறை என்று எதை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆட்களின் பெயரைக்கூட ஆராயலாம். பினாங்கில் அருவிக்கு அருகே மலைமேல் இருக்கும் முருகனைத் தண்ணீர்மலையான் என்பார்கள். அந்தப் பெயர் கடல் தாண்டி வந்து, செட்டிநாட்டு வீடுகளில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்று வைக்கும் பெயராகிவிட்டது. அக்கரையில் ஒரு மலை, இக்கரையில் ஒரு பிள்ளையின் பெயர். கோயில் விழா அழைப்பிதழ்களையும் நன்கொடையாளர் பெயர்க் கல்வெட்டுகளையும் வரிசையாகப் படித்தாலே, இந்தப் பெயர் எந்தத் தலைமுறையில் நுழைந்தது, எப்போது குறைந்தது என்று பார்த்துவிடலாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வந்தது எது, யார் கையால் வந்தது, இங்கே அதில் மாறியது எது, மாறாமல் நின்றது எது என்று எழுதிவாருங்கள். மாறாமல் நின்றதைத்தான் பலரும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

எந்தத் துறையின் தன்வயமாதல்?

அடுத்தது கருத்தைத் தெளிவாக்கிக்கொள்வது. மூன்று துறைகள் இதே பேச்சைப் பேசுகின்றன, ஆனால் மூன்றும் சொல்வது வேறு வேறு. எதை எடுத்து ஆள்கிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும். சமூகவியலை இங்கே சொல்கிறேன்; கல்வியியல் கணக்கேட்டுப் பகுதியிலும், அறிவியல் வரலாறு ஆத்தங்குடிப் பகுதியிலும் வரும்.

சமூகவியலில் சிகாகோப் பள்ளியின் பார்க், பர்ஜெஸ் இருவரும் 1921இல் தந்த விளக்கம் பழையது, ஆனாலும் படிக்க வேண்டியது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரின் நினைவுகளையும் உணர்வுகளையும் மனப்போக்கையும் பெற்று, ஒரே பொது வாழ்வுக்குள் கலந்துவிடுவது என்று அவர்கள் பார்த்தார்கள். மில்டன் கார்டன் 1964இல் இதைப் படிகளாகப் பிரித்தார். அவர் சொன்னதில் நமக்கு மிகவும் உதவுவது இது: மொழி, உடை, உணவு மாறுவது ஒன்று, அந்த ஊர்க்காரர்களின் சங்கம், நட்பு, குடும்பம் ஆகியவற்றுக்குள் நுழைவது வேறொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்றில்லை. ஜான் பெர்ரி கேள்வியை இரண்டாக்கினார். தன் பண்பாட்டை வைத்துக்கொள்கிறார்களா? மற்றவரோடு உறவு கொள்கிறார்களா? இரண்டுக்கும் ஆம், இல்லை என்று போட்டால் நாலு நிலை வரும்: கலந்துவிடுதல், இரண்டையும் இணைத்து வாழ்தல், தனித்திருத்தல், இரண்டு பக்கமும் ஒட்டாமல் போதல். போர்டெஸ், சோ இருவரும் 1993இல், குடியேறியவர்கள் கலக்கிறார்கள் என்றால் அந்தச் சமூகத்தின் எந்த அடுக்கோடு கலக்கிறார்கள் என்று கேட்டார்கள். இந்தியச் சூழலுக்கு எம். என். சீனிவாஸ் 1952இல் சொன்ன சமஸ்கிருதமயமாதலையும் (தாழ்நிலையில் வைக்கப்பட்ட சாதியார் மேல்சாதி வழக்கங்களை ஏற்று உயர முயல்வது) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியேறியவர்களை வைத்து எழுந்தவை. சீனிவாஸ் மட்டும் குடகை வைத்து எழுதினார். செட்டிநாட்டில் அப்படியே ஒட்ட முயன்றால் உடைந்துபோகும். ஏன் என்று சொல்கிறேன். பர்மாவுக்குப் போன நகரத்தார் தொழிலுக்கு வேண்டிய அளவு பர்மிய மொழி பேசினார்கள். குடும்பம் ஊரில் இருந்தது. கடைப் பொறுப்பில் போகிறவருக்குத் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். தங்கியது கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில், கும்பிட்டது முருகனை. பெண் கொடுத்து எடுத்தது இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி என்று போகும் ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள்ளேதான். பெர்ரியின் கட்டத்தில் இது தனித்திருத்தல். ஆனால் அதே ஆட்கள் திரும்பி வந்து கட்டிய வீட்டுக்குள் பர்மாவும் மலாயாவும் ஐரோப்பாவும் கலந்து கிடக்கின்றன. ஆள் அங்கே கலக்கவில்லை, பொருள் இங்கே கலந்துவிட்டது. என் கருத்தில் செட்டிநாட்டு ஆய்வின் சாரமே இந்த இடம்தான். குடியேறியவரை மட்டும் பார்க்கும் கோட்பாடு இதைப் பிடிக்காது. வீட்டுக்குத் திரும்பியதையும் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க மலாக்கா செட்டிகளைப் படியுங்கள். அவர்கள் நகரத்தார் இல்லை. பல நூற்றாண்டுக்கு முன்பே மலாக்காவில் தங்கி, அந்த மண்ணிலேயே மணமுடித்து, மலாய் பேசி, மலாய் உடை உடுத்தி, இன்றும் இந்துக் கோயிலை விடாமல் வைத்திருக்கும் தனிச் சமூகம். பெயரைப் பார்த்து இருவரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஆவணம் எங்கே கிடக்கிறது

செட்டிநாடு என்பது ஓர் ஆட்சி எல்லையாக ஒருநாளும் இருந்ததில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் இன்று சிவகங்கை மாவட்டம். இராயவரம், மேலைச்சிவபுரி போன்றவை புதுக்கோட்டை மாவட்டம். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், அதன் நிர்வாக ஆவணங்கள் தனி. இந்தப் பக்கம் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது. அதற்கு முந்தைய காகிதங்களை மதுரை மாவட்டத் தலைப்பில் தேட வேண்டும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் 'செட்டிநாடு' என்று மட்டும் கேட்டால் ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். ஊர், ஆண்டு, அப்போதைய மாவட்டம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். துறைத்தலைவர் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

வட்டித் தொழிலைத் தொடும் எவரும் 1929-30இல் நடந்த இரண்டு விசாரணைக் குழு அறிக்கைகளைப் படித்தாக வேண்டும். ஒன்று சென்னை மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழுவுடையது, மற்றது பர்மாவுடையது. பிற்கால ஆய்வுகளில் டேவிட் ரட்னர் 1994இல் நகரத்தாரின் சாதி அமைப்பும் முதலீடும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று எழுதினார். யுகோ நிஷிமுரா 1998இல் நகரத்தார் பெண்களின் உறவுமுறை, சொத்துரிமை பற்றி எழுதினார். இரண்டாவதைத் தவறவிடாதீர்கள். வீட்டில் இருந்தபடி, வெளியிலிருந்து வந்ததையெல்லாம் ஏற்று வைத்தவர்கள் பெண்கள்தான்.

சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் வேரே செட்டிநாட்டில்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியாளாகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டுப்பிரசுரங்களும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் பொது நூலகமானது. ராய. சொக்கலிங்கன் நடத்திய 'ஊழியன்', சொ. முருகப்பா நடத்திய 'குமரன்' போன்ற காரைக்குடி இதழ்களைத் தேடிப் பாருங்கள். அக்கரைப் பழக்கங்கள் பற்றி நகரத்தார் தங்களுக்குள் போட்ட சண்டையை அச்சில் காணலாம். ஒரு பழக்கத்தை எதிர்த்து ஒருவர் கட்டுரை எழுதினால், அது அப்போது ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது என்று பொருள். அப்புறம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏற்கெனவே யார் எதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம்.

கணக்கேட்டை வாசிப்பது

பழைய வீடுகளில் பேரேடுகளும் குறிப்பேடுகளும் கிடைக்கும். அவற்றைக் கையில் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலாவது தமிழ் எண்களும் குறிகளும். ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். கையெழுத்தில் இவை அச்சில் இருப்பதுபோல் இருக்காது. ஒரே எழுத்தரின் கையை ஒரு வாரம் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

இரண்டாவது ஆண்டுப் பெயர். பிரபவ என்று மட்டும் இருந்தால் அது 1867ஆ, 1927ஆ, 1987ஆ? அறுபது ஆண்டுச் சுற்று ஆளை எளிதில் வழிதவற வைக்கும். தாளின் தரம், நாணயம், கூட வரும் ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் வைத்து முடிவு செய்யுங்கள். ரங்கூன், மோல்மீன், ஈப்போ என்று ஒரு கிளையின் பெயர் வந்தால் கால எல்லை சுருங்கும்.

மூன்றாவது கீழ்வாய் எண்கள், அதாவது பின்னங்கள். இதில் கல்வியியல் மாணவர்களுக்கு ஒரு புதையல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த பையனுக்கு மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, இரண்டையும் கூட்டிய மாகாணி பதினாறில் ஒன்று. அவன் பிரிட்டிஷ் ரூபாயைக் கையாள வரும்போது ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அணா என்ற புதுக் காசு அவன் தலைக்குள் ஏற்கெனவே இருந்த மாகாணியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு அணா அரைக்கால், நாலு அணா கால். புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஜீன் பியாஜே தன்வயப்படுத்தல் என்று சொன்னது இதைத்தான்: புது அனுபவம் பழைய அமைப்புக்குள் பொருந்திவிடுவது. அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று வந்த இடத்தில் கொஞ்சம் இடறும், பன்னிரண்டு பழைய வாய்பாட்டுக்குள் அடங்காது. 1957 ஏப்ரல் முதல் நாள் நூறு நயா பைசா வந்தபோது மாகாணி எங்குமே பொருந்தவில்லை. ரூபாயில் மாகாணி ஆறேகால் பைசா. இப்போது அமைப்பையே மாற்றியாக வேண்டும். பியாஜே இதற்கு வேறு பெயர் வைத்தார், கல்வியியல் பாடநூலில் பொருத்தப்பாடு என்று படித்திருப்பீர்கள். 1950களின் பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, எழுதியவர் எந்த மாதம் பழைய பின்னத்தைக் கைவிட்டார், எங்கெல்லாம் இரண்டையும் சேர்த்து எழுதினார் என்று குறித்தால், வகுப்பறைக்கு வெளியே கற்றல் நடந்த விதத்துக்கு எழுத்தில் சான்று கிடைக்கும். பியாஜே சொன்னது குழந்தையின் மனவளர்ச்சி பற்றி. அதை ஒரு சமூகத்தின் மாற்றத்துக்கு எடுத்தாளும்போது ஒப்புமை எதுவரை செல்லும் என்று எல்லையையும் சொல்லிவிடுங்கள்.

கல்வியைப் பற்றியே ஆராய்கிறவர்கள் பெட்டியடிப் பையன் முறையை விடக் கூடாது. பணப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து கணக்கும் கடிதமும் ஆள் பார்த்துப் பேசுவதும் பழகிய சிறுவர்கள், பிறகு அடுத்தாளாகி, மேலாளாகிக் கடையையே நடத்தினார்கள். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ. சுப. மாணிக்கனாரும் சிறு வயதில் பர்மாவுக்குக் கடை வேலைக்குப் போனவர். திரும்பி வந்து பண்டிதமணி கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் படித்து, அழகப்பா கல்லூரியின் முதல்வராகி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். கடைப் படிப்பிலிருந்து கல்லூரிப் படிப்புக்கு ஒரு சமூகம் எப்படித் தாவியது என்பதற்கு 1929இல் அண்ணாமலை செட்டியார் உருவாக்கிய பல்கலைக்கழகமும், 1947இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரியும் இரண்டு மைல்கற்கள்.

ஆட்களிடம் பேசுவது

'பண்பாட்டுக் கலப்பு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று யாரையும் கேட்காதீர்கள். கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். 'ஆச்சி, இந்த மரவையில எதைப் போட்டு வைப்பீங்க?' என்று கேளுங்கள். 'கவுனி யார் கிண்டுவாங்க, எந்த விசேஷத்துக்கு?' என்று கேளுங்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எது முன்னால் இருந்தது, எது பின்னால் இருந்தது என்று கேட்டால் அந்தக் காலத்து மதிப்பு வரிசை அப்படியே வந்துவிடும். சீர்ப் பட்டியல் இருக்கிறதா என்று தயங்காமல் விசாரியுங்கள். பல வீடுகளில் பத்திரமாக இருக்கும், தலைமுறை தலைமுறையாக ஒப்பிடலாம்.

நகரத்தார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்று அழைப்பது மரியாதை. மற்ற சமூகத்தாரிடம் அவரவர் வழக்கப்படி அம்மா, ஐயா, அண்ணன் என்று பேசுங்கள். எல்லாரையும் ஆச்சி, செட்டியார் என்று அழைத்து வைக்காதீர்கள். இது வெறும் மரியாதை விஷயமில்லை. செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டும்தான் என்ற எண்ணம் ஆய்விலும் புகுந்துவிடும். மரம் இழைத்த ஆசாரிகள், சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் அரைத்துப் பூசிய கொத்தனார்கள், பந்திக்குச் சமைத்தவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்தவர்கள், பூட்டிய வீட்டைத் தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று இத்தனை பேர் கைப்படாமல் வெளியிலிருந்து வந்த எதுவும் இங்கே உள்ளூர்ப் பொருளாகவில்லை. உங்கள் நேர்காணல்களில் பாதியாவது இவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில், ஒரு பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள். சுவீகாரம், பாகப்பிரிவினை, கடன் பற்றிய பேச்சு வரும். வந்தால் பதிவுக் கருவியை நிறுத்தட்டுமா என்று கேட்டுவிடுங்கள். பேரேட்டில் கடன் வாங்கியவர் பெயர் இருந்தால் மாற்றுக் குறியீடு போடுங்கள்; பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண் பழகுவதற்கு நல்ல இடம். ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாத பொருளை ஆய்வுச் சான்றாக எடுக்காதீர்கள். வீடு அறுந்த பொருளுக்கு வரலாறும் அறுந்துவிடுகிறது.

ஆத்தங்குடியில் ஒரு நாள்

அறிவியல், தொழில்நுட்பம் எப்படி உள்ளூராகிறது என்று பார்க்க ஆத்தங்குடியைப்போல் கண்முன்னே நடக்கும் இடம் குறைவு. கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வோர் அறையாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றோடொன்று ஓடாது. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. ஐரோப்பாவில் இதே வகைக் கல்லை அழுத்த இயந்திரத்தில் இறுக்குவார்கள். இங்கே உலர்ந்த தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, கண்ணாடி வழவழப்பைத் தருகிறது, தொட்டித் தண்ணீர் சிமெண்டை இறுகவைக்கிறது. இயந்திரம் இல்லாமல் அதன் வேலையை மூன்றாகப் பிரித்துச் செய்துவிட்டார்கள்.

வேலை செய்கிறவரிடம் எத்தனை நாள் ஊற வேண்டும், எடுக்கலாம் என்று எப்படித் தெரியும், மழைக்காலத்தில் என்ன மாற்றம் செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். பிறகு சிமெண்டு நீரேற்றம் பற்றிய பாடநூல் விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே அவர் பாடநூலில் இல்லாததைச் சொல்கிறார் என்று தெரியும்.

இன்னொரு முனையில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. 1948 ஜூலை 25ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஜார்ஜ் பசல்லா 1967இல் மேலை அறிவியல் பரவுவதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: வெளியார் வந்து தகவல் திரட்டுவது, உள்ளூரார் வெளியாரைச் சார்ந்து செய்வது, சொந்தக் காலில் நிற்பது. பின்னால் வந்தவர்கள் இந்த நேர்கோட்டைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். இரு பக்கத்தையும் படித்துவிட்டுச் சிக்ரியைப் பாருங்கள். அதன் அரிமானச் சோதனை நிலையம் மண்டபத்தில் கடலோரம் இருக்கிறது. உப்புக் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று இந்த மண்ணில் வைத்துத்தான் அளந்தாக வேண்டும், குளிர்நாட்டு அளவு உதவாது. பொது விதி வெளியிலிருந்து வந்தது, எண்கள் இங்கே பிறந்தவை. அறிவியல் தன்வயமாவதைப் பற்றி எழுத இதைவிடத் தெளிவான இடத்தை நான் பார்த்ததில்லை.

அக்கரையின் பக்கத்தையும் எழுதுங்கள்

இங்கேயே உட்கார்ந்து எழுதினால் கதை இனிமையாகவே இருக்கும். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசம் இருந்த விளைநிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலங்கள் கைமாறி, 1930களின் பிற்பகுதியில் அது கால் பங்கானது. பர்மிய உழவரின் நினைவில் செட்டியார் எப்படி இருக்கிறார் என்பதை அறியாமல் மரவையின் அழகை மட்டும் எழுதுவது நேர்மையில்லை. அங்கே அதிகாரியாக இருந்த ஃபர்னிவால் 1948இல் எழுதியபோது, பல இனத்தார் சந்தையில் மட்டும் சந்தித்துக்கொண்டு மற்றபடி கலக்காமல் அருகருகே வாழும் சமூகம் என்று பர்மாவை விவரித்தார். நகரத்தார் பக்கத்து இழப்பும் சிறியதில்லை. 1942இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள், சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமையாக்கியது. இரண்டு வலியும் ஒரே அத்தியாயத்தில் இருக்கட்டும்.

கலக்காமல் நின்றவற்றுக்கும் ஒரு பகுதி வேண்டும். கார்த்திகையில் தொடங்கி 21 நாள் பிள்ளையார் நோன்பு இருந்து 'இழை எடுத்துக்கொள்வதை' (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை விழுங்கும் சடங்கை) நகரத்தார் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும்கூட விடவில்லை. எதிர்த்திசையில், பினாங்குத் தைப்பூசத்தில் இரதம் போகும் வழியெல்லாம் சீனர்கள் தேங்காய் உடைக்கிறார்கள். யார் யாரைத் தன்வயமாக்கினார்கள் என்ற கேள்விக்கு ஒரே திசையில் விடை இல்லை என்று இந்த இரண்டையும் அருகில் வைத்தாலே விளங்கும்.

எழுதுவதும் எப்போது வருவதும்

எழுதும்போது பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஒப்புமை வரக் கூடாது. தமிழில் எழுதினாலும் மேற்கோளை மேற்கோளாகவே காட்டுங்கள். பேட்டி கொடுத்தவருக்கு அவர் பேசிய பகுதியை அச்செடுத்துக் காட்டிய பிறகே சமர்ப்பியுங்கள். முடிந்ததும் ஒரு படியை அந்த ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

களப்பணிக்குத் தை மாதம் சிறந்தது. வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அப்போதுதான் திறக்கும். பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், அதையொட்டிப் பழனிக்குக் காவடி யாத்திரை என்று வெளியூர், வெளிநாட்டுக் குடும்பங்கள் வந்து சேரும். ஒரே வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டுக்கு அழைப்பு கிடைத்தால் போங்கள், ஆனால் அன்று பேட்டி எடுக்காதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் போன் செய்யுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஊர் ஊராக அலைய வேண்டாம், அந்த இரண்டு மாதத்தை எழும்பூருக்கும் தரமணிக்கும் ஒதுக்கிவிடுங்கள்.